கால் சதவீதத்தில் கரைந்துபோன கேள்வி



நிகாஹ் விருந்தில் பந்தி முடிந்து தாம்பூலம் கைக்கு வரும் நேரத்தில் நம் ஆண்கள் எதைப் பேசுகிறார்கள் என்று சற்றுக் காதுகொடுத்துப் பாருங்கள். ‘எந்த பேங்க்கில் போட்டீர்கள்? எட்டரையா? நான் எட்டு முப்பத்தைந்துக்கு முடித்தேன்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் முகம் வாடுகிறது. கால் சதவீதம் குறைவாக வாங்கியவர் அந்தச் சபையில் அறிவாளி. வட்டி என்ற சொல்லே அங்கு உச்சரிக்கப்படுவதில்லை. ‘ரேட்’ என்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், வட்டிக்கு வாங்கியவர் அதை வெளியில் சொல்லக் கூசினார். இன்று கூச்சம் போய்விட்டது. ஒப்பீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த ஒப்பீட்டையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்றால் அதுவும் இல்லை என்பதே எங்கள் வழக்கு. மார்க்கத்தையும் விட்டோம், கணக்கையும் விட்டோம். இந்த இரட்டை இழப்புக்குக் கடன் வாங்குவோர் மட்டும் பொறுப்பல்லர். ‘ஹராம்’ என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிவிடுவோரும் பொறுப்பு. இரு தரப்பாருடனும் எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. இரண்டையும் இங்கே வெளிப்படையாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். வீட்டுக்காக வாங்கினாலும் வட்டி வட்டியே. அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்களை ஓதியவர் எவருக்கும் இதில் ஐயம் எழ வழியில்லை. வணிகமும் வட்டியும் ஒன்றுதானே என்ற வாதம் நம் காலத்தில் பிறந்ததன்று. குர்ஆனே அதை எடுத்துக்கூறி மறுத்திருக்கிறது. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் ஒரே தட்டில் வைத்த நபிமொழியும் நாம் அறிந்ததே. ஆகவே ‘எட்டரை ஹராம், எட்டு முப்பத்தைந்து பரவாயில்லை’ என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

இதற்கு உடனே வரும் பதில், ‘ஐரோப்பாவில் அனுமதித்து ஃபத்வா கொடுத்துவிட்டார்களே’ என்பது. 1999-இல் ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பியக் கவுன்சில் அப்படியொரு தீர்ப்பை வழங்கியது உண்மை. அதன் நிபந்தனைகளை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களை முன்வைத்துச் சொல்லப்பட்டது அது. மாற்று வழி இருக்கக்கூடாது. வீடு குடும்பம் குடியிருப்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும். வேறு வீடு இருக்கக்கூடாது. வேறு வகையில் வாங்கும் அளவுக்கு உபரிச் செல்வமும் இருக்கக்கூடாது. அப்போதும் பல ஆலிம்கள் அதை ஏற்கவில்லை. அந்த ஃபத்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த ஊரில் வாப்பா வீடு பூட்டிக்கிடக்க, சென்னையில் வாடகைக்கு விடுவதற்காக இரண்டாவது அடுக்ககம் வாங்குகிறவர் எந்த நிர்ப்பந்தத்தைப் பேசுகிறார்? ளரூரத் என்ற சொல்லுக்குப் பட்டினியால் சாகக் கிடப்பவன்தான் எடுத்துக்காட்டு. பால்கனியுடன் கூடிய மூன்று படுக்கையறை அதற்குள் அடங்காது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இங்குதான் நம் மக்கள் இரண்டாவது முறையாக ஏமாறுகிறார்கள்.

30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் நீங்கள் கட்டும் பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 4,785. ஐந்து ஆண்டு ஒரு தவணையும் தவறாமல் கட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், 15 லட்சத்து 62 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்திருப்பது மூன்றரை லட்சம் சொச்சம் மட்டுமே. இருபது ஆண்டு முடிவில் மொத்தம் 62 லட்சத்து 48 ஆயிரம். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை. இந்த அட்டவணையைக் கடன் கொடுப்பவரிடம் கேட்டால் தந்துவிடுவார். அதில் இரகசியம் ஏதுமில்லை. கேட்டு வாங்கிப் படித்தவர்களை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கால் சதவீதப் பெருமையையும் பார்ப்போம். ஒரு நிறுவனம் 8.5 சொல்கிறது, இன்னொன்று 8.4 சொல்கிறது. இரண்டாவதில் தவணை 25,845. மாதம் 190 ரூபாய் குறைவு. ஆனால் அந்த இரண்டாவது நிறுவனம் கடனோடு சேர்த்து ஓர் ஆயுள் காப்பீட்டையும் தலையில் கட்டி, அதன் ஒற்றைப் பிரீமியம் 90,000 ரூபாயையும் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுகிறது என்று வையுங்கள். அந்த 90,000-க்கு மட்டும் மாதம் 775 ரூபாய் கூடுகிறது. குறைந்த ரேட்டுக்காரர் மாதம் 585 ரூபாய் அதிகம் கட்டுகிறார். இது போதாதென்று பரிசீலனைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவுச் செலவு எல்லாம் தனி. இவ்வளவையும் ஒரே எண்ணாக்கிச் சொல்லும் ஆண்டுச் சதவீத விகிதம் என்று ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணைக் குறிப்பிட்ட முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. விளம்பரப் பலகையில் உள்ள எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒப்பிட வேண்டிய எண் அந்தத் தாளில் இருக்கிறது.

‘ரேட்’ நிலையானது என்று நம்பியவர்கள் கதை இன்னும் பரிதாபம். 2019 அக்டோபர் 1-க்குப் பின் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை. ரெப்போவின் மேல் வங்கி வைக்கும் கூடுதல்தான் உண்மையில் வங்கிக்கு வங்கி மாறுவது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; அவை தம் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. கொரோனாக் காலத்தில் ரெப்போ 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-இல் போய் நின்றது. ஓராண்டுக்குள் இரண்டரை சதவீதம். 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கி, மாதம் 23,259 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு கட்டிய ஒருவருக்கு வட்டி 9.5 ஆகிவிட்டால் என்ன ஆகும்? மீதிக் கடன் 28 லட்சத்து 52 ஆயிரம். அதற்கு ஒரு மாத வட்டியே 22,579. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், மீதிக் கடன் தீர இன்னும் 37 ஆண்டு வேண்டும். முப்பத்தைந்து வயதில் கையெழுத்திட்டவர் எழுபதைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருப்பார். இது கற்பனைப் பூச்சாண்டி அன்று. தவணை ஏறாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணியிருந்த குடும்பங்களுக்குக் காலம் சத்தமின்றி நீண்டது. இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, விகிதம் மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என விதித்தது. அதன்பின் ரெப்போ 2025-இல் இறங்கியது. இறங்கிய பலன் உங்கள் கணக்குக்கு வந்ததா என்று பார்த்தீர்களா?

வங்கிப் பக்கமே போகாதவர்கள் இதுவரை படித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டிருக்கலாம். அவர்களையும் விடுவதாக இல்லை. நம் ஊர்களில் வங்கியில் கடன் வாங்காதவர் ‘இரண்டு ரூபாய் வட்டிக்கு’ வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அது ‘வெறும் ரெண்டு’ என்று காதில் ஒலிப்பதால் எட்டரையைவிடச் சிறிதாகத் தோன்றுகிறது. சில தனியார் நிறுவனங்கள் ‘7 சதவீதம் ஃபிளாட்’ என்று சொல்வதும் இதே வகை வித்தைதான். 10 லட்சத்துக்கு 10 ஆண்டு ஃபிளாட் 7 என்றால் வட்டி 7 லட்சம், தவணை 14,167. அசல் குறையக் குறைய வட்டி குறையும் முறையில் இதைக் கணக்கிட்டால் விகிதம் 11.7 சதவீதத்துக்கு அருகில் வருகிறது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் சட்டமே போட்டார்கள். சட்டம் இருக்கிறது, கந்துவட்டியும் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் ஒத்திக்காரர்கள். ஐந்து லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது அந்த ஐந்து லட்சத்தையும் முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். தொழுகையாளி, நோன்பாளி, ‘வங்கி வட்டியைக் கையால் தொடமாட்டேன்’ என்பவர். ஐயா, கொடுத்த கடனுக்கு ஈடாகப் பிடித்த வீட்டில் இலவசமாகக் குடியிருப்பது கடனால் கிடைக்கும் இலாபம் இல்லாமல் வேறென்ன? அடமானம் மார்க்கத்தில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து வாற்கோதுமை பெற்றிருந்தார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. ஈடு என்பது கடனுக்குப் பாதுகாப்பு. அதை அனுபவிக்கும் உரிமை அன்று. மாதம் எட்டாயிரம் வாடகை பெறக்கூடிய வீடு என்றால் மூன்று ஆண்டில் 2 லட்சத்து 88 ஆயிரம். ஐந்து லட்சத்துக்கு ஆண்டுதோறும் 96,000 என்று பார்த்தால் 19 சதவீதத்துக்கும் மேல். எட்டரை வாங்கும் வங்கியைத் தூற்றிவிட்டுப் பத்தொன்பது வாங்குகிறோம். அதுவும் பணமுடையில் வீட்டை விட்டுக்கொடுத்த நம் சகோதரரிடமிருந்து.

‘ஹலால்’ முத்திரையின் பக்கமும் போகத்தான் வேண்டும். இந்தியாவில் வட்டியில்லா வங்கிக்கு வழி திறக்கவில்லை. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என முடிவு செய்தது. ஆனால் நம் வாசகர்களில் பலர் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அமானா வங்கியும் பேங்க் இஸ்லாமும் அவை போன்ற பிறவும் உண்டு. பிரிட்டனில் வங்கி வாங்கி உங்களுக்கு விற்கும்போது முத்திரைத் தீர்வையை இருமுறை கட்ட வேண்டியிருந்த இடையூறுகூட 2003-இல் நீக்கப்பட்டுவிட்டது. அல்லாஹ் தந்த வாய்ப்பு அது. அங்கே நாங்கள் காணும் நோய் வேறு: பெயரில் இஸ்லாம் இருந்தால் விலையைக் கேட்பது ஈமானில் குறை என்ற எண்ணம்.

கேளுங்கள். முராபஹாவா, இஜாராவா, பங்கு குறைந்துகொண்டே வரும் முஷாரகாவா என்று கேளுங்கள். வங்கி உண்மையில் வீட்டின் ஒரு பங்கை உடைமையாக வைத்திருக்கிறதா, அந்தப் பங்குக்கான பழுதுச் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள். வாடகை என்று சொல்லப்படுவது இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்தோடு ஏறி இறங்குமா, முதல் இரண்டு ஆண்டோ ஐந்து ஆண்டோ முடிந்தபின் எவ்வளவாகும் என்று கேளுங்கள். மலேசியாவில் உச்ச இலாப விகிதம் ஒன்று, நடைமுறை விகிதம் ஒன்று என இரண்டு எண்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். விற்பனை விலை உச்ச விகிதத்தில் எழுதப்பட்டு, மிகுதி இப்ரா எனும் தள்ளுபடியாகக் கழிக்கப்படும். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்பதை எழுத்தில் வாங்குங்கள். தாமதித்தால் வாங்கும் அபராதம் யாருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். அது விற்றவரின் இலாபத்தில் சேருமானால் வட்டி பின்வாசல் வழியே வந்துவிட்டது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது? அல்பகராவின் 282. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றிப் பேசுவது. ‘நமக்குள் என்ன எழுத்து, அல்லாஹ்வுக்காகச் செய்வதுதானே’ என்று கூறி ஒப்பந்தத்தைப் படிக்கவிடாதவர், தாடியும் தொப்பியும் வைத்திருந்தாலும் தரகரே.

நம் ஊர்க் கட்டுமானக்காரர்கள் சிலர் வங்கியில்லாமல் தவணைக்கு விற்கிறார்கள். ரொக்கத்துக்கு 40 லட்சம், ஐந்தாண்டுத் தவணைக்கு 52 லட்சம் என்று ஒரே விலையாக ஒப்பந்தத்தின்போதே முடிவுசெய்து, பின் ஒரு ரூபாயும் ஏறாதென்றால், அதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் கூடும் என்கிறார்கள். கூடும் என்பதாலேயே மலிவு என்று ஆகிவிடாது. அந்த 12 லட்சத்தையும் பென்சில் எடுத்துக் கணக்கிட்டு, அடுத்த தெருவில் விற்பவரோடு ஒப்பிடுவது உங்கள் பிள்ளைகளின் உரிமையைக் காப்பது.

ஆலிம் பெருமக்களிடம் அதபோடு ஒன்று கேட்கிறோம். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டு, ஓதித் தெளிந்து, இரவில் தூக்கமில்லாமல் உங்களிடம் வருகிறாரே ஒருவர், அவருக்கு என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? ‘தவ்பா செய்யுங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்கிறீர்கள். தவ்பாவின் ஒரு பகுதி அந்தக் கடனிலிருந்து வெளியேறுவது. வெளியேறக் கணக்குத் தெரிய வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக்கூடாது என்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள விதி. மேற்சொன்ன 8.5 சதவீதக் கடனில் முதலிலிருந்தே மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், 20 ஆண்டு 13 ஆண்டு 8 மாதமாகச் சுருங்குகிறது. கொடுக்கும் வட்டியில் 11 இலட்சத்துக்கும் மேல் குறைகிறது. கூடுதல் பணம் அசலில் கழிக்கப்பட வேண்டும் என்றும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிக வட்டியில் சிக்கியிருப்பவர் குறைந்த வட்டியுள்ள இடத்துக்குக் கடனை மாற்றுவது, வெளியேறும் நாளை நெருக்கிக் கொண்டுவருமென்றால், அந்த ஒருவருக்கு அந்த ஒப்பீடு பாவத்தைக் குறைக்கும் முயற்சி. ஐயமிருந்தால் ஆலிமிடம் கேட்டுச் செய்யட்டும். ஆனால் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆலிமுக்கும் தவணைக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பாகப்பிரிவினையின் பின்னங்களைப் பல தலைமுறையாகப் பிழையின்றிப் போட்ட மரபு நம் மதரஸாக்களுடையது. இது அதைவிடக் கடினமன்று.

கடன் முழுவதும் தீர்ந்தபின் மூலப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்ற 2023-ஆம் ஆண்டு விதியையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறோம். நம்மில் பலர் பத்திரத்துக்காக நடையாய் நடக்கிறார்கள்.

மஹல்லா நிர்வாகிகளிடம் எங்களுக்குள்ள மனத்தாங்கல் இதையெல்லாம்விடப் பெரிது. குளிர்சாதன வசதியுடன் மண்டபம் கட்ட நம்மால் வசூலிக்க முடிகிறது. அழகிய கடனுக்கு ஒரு பைத்துல்மால் நிதி என்றால் ‘திருப்பித் தரமாட்டார்கள்’ என்கிறோம். வங்கி இதே மனிதரை நம்பி முப்பது லட்சம் கொடுக்கிறது. நாம், அவர் பின்னால் நின்று தொழுகிறவர்கள், மூன்று லட்சத்துக்கு நம்பமாட்டோம். 300 குடும்பம் உள்ள மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18 லட்சம். அதில் மூன்று குடும்பத்துக்கு ஆறு ஆறு லட்சம், மாதம் 10,000 வீதம் ஐந்தாண்டில் திரும்பும்படி. இரண்டாம் ஆண்டில் புதிய 18 லட்சத்தோடு அந்த மூவர் திருப்பிக் கட்டும் 3 லட்சத்து 60 ஆயிரமும் சேரும். ஆறு லட்சத்தில் சென்னையில் வீடு வராது என்பது தெரியும். கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் இருக்கிற மனையில் ஒரு தளம் எழுப்ப, வங்கியில் வாங்க நினைத்ததைப் பாதியாக்க, அல்லது கடைசி ஆறு லட்சத்தை அடைத்துப் பத்திரத்தை மீட்க அது போதும். உறுதிப் பத்திரம் எழுதுங்கள், இருவர் ஜாமீன் நிற்கட்டும், நகையை ஈடாக வாங்கிவையுங்கள். மார்க்கம் இவை எதையும் தடுக்கவில்லை. தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத்துக்கு உரியவர்களாக எண்ணும் எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களும் உண்டு. உங்கள் ஊர் ஜகாத் பட்டியலில் அந்த வகைக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு எழுதினீர்கள்?

வருகிற ஜும்ஆவுக்குப் பின் உங்கள் பள்ளியின் கணக்காளரிடம் அந்த ஒரு வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், அலமாரியில் கிடக்கும் உங்கள் சொந்தக் கடன் அறிக்கையையும் எடுத்து, மீதி எத்தனை மாதம் என்று பாருங்கள். கையெழுத்திட்ட நாளில் சொன்ன எண்ணும் இன்று அதில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், திங்கட்கிழமை காலை கிளைக்குப் போய் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.